அனுப்பாத ஒலி

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, "ம்?" என்றாள். யாரும் கூப்பிடவில்லை.

அம்மாவுக்குத் தன் அப்பாவின் நினைவு வந்தது. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு "ம்?". அப்புறம் சுவரோடு ஓயாத பேச்சு. மனச்சிதைவு என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையும் கையுமாகவே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். "பரம்பரைன்னா வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வந்தே தீரும்னு இல்லம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் பிள்ளையே பெற்றுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பது அவள் வேலை. மகளுக்குக் காதில்தான் கோளாறு, வேறொன்றும் இருக்கக் கூடாது. மறுநாள் மத்தியானமே அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

"செவிடுன்னு முடிவே பண்ணிட்டியாம்மா?"

"வாயாடாம உள்ள போய் உட்காருடி. சத்தம் கேட்டா பட்டனை அழுத்து. கேட்கலைன்னா சும்மா இரு."

சத்தம் புகாத அறையின் கனத்த கதவு மூடிக்கொண்டதும், வராந்தாவின் செருப்புச் சத்தமும் இருமலும் தள்ளுவண்டியின் கிரீச்சும் அறுந்துபோக, பழைய ரப்பர் வாடையும் கண்ணாடிக்கு அப்பால் அசையாத மகளின் பின்னந்தலையும் மட்டும் மிஞ்சின. அம்மா ஒலியை அனுப்பினாள். மகள் பட்டனை அழுத்த, கருவியில் விளக்கு எரிந்தது. குறைத்து அனுப்பினாள். எரிந்தது. கொசுவின் ரீங்காரம் அளவுக்குக் குறைத்தும் எரிந்தது. பழுதே இல்லாத காது. ஐயோ, செவிடாக இருந்திருக்கக் கூடாதா என்று பெற்ற மனம் அடித்துக்கொண்டது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது எந்த ஒலியும் போகவில்லை.

விளக்கு எரிந்தது.

தவறி அழுத்தியிருப்பாள். காத்திருந்தாள். மறுபடியும் எரிந்தது.

மைக்கை வாயருகே இழுத்தாள். "என்னடி கேட்குது?"

"ஒரு ஆளோட குரல். நீதானேம்மா போட்டே?"

"என்ன சொல்றாரு?"

"உன்னைத்தான் கூப்பிடுறாரு. 'அம்மாடி'ன்னு."

அப்பா மட்டுமே அவளை அப்படிக் கூப்பிடுவார். மகள் பிறக்கும் முன்பே போய்விட்ட அப்பா. அந்தச் செல்லப் பெயரை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"அம்மாடி."

விளக்கு எரிந்தது.

திரும்பினாள். சுவர். வெறும் சுவர்.

"அம்மாடி."

எரிந்தது.

இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாடி."

கண்ணாடிக்கு அப்பால் மகளின் விரல் பட்டனை அழுத்தியது.