வாட்டர்கலரில் ஒட்டு தெரியாது

பொழிச்சலூரில் தனசேகர் வீட்டு வாசலில் நான் படத்தோடு இறங்கியபோது காலை பதினோரு மணி. தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்கியது.

"வாங்க மேடம்! ரெண்டு வருஷமா வூடெல்லாம் ஆத்துச் சேத்து வாடை. எவ்ளோ கழுவியும் போகல. நேத்துலேந்து அந்த வாடையே இல்ல," என்றார் சந்தோஷமாக.

இரண்டு வருஷம் முன்பு வந்த வெள்ளத்தில்தான் அவர் மனைவி ஷர்மிளா போனாள். வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு இரண்டாம் கல்யாணம். "புதுசா வர்றவ கண்ணுல இவ படக்கூடாது. பாப்பா இப்படிச் சிரிக்கிற போட்டோ வேற இல்ல. இவள மட்டும் எடுத்துடுங்க" என்று குடும்பப் படத்தை அனுப்பியிருந்தார்.

சேலையூரில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. போட்டோவிலிருந்து ஆளை அழிப்பது எனக்குச் சுண்டைக்காய் வேலை. அழித்த இடம் அசிங்கமாகத் தெரிந்தால் வாட்டர்கலர் ஃபில்டரைப் போட்டுவிடுவேன். சாயம் பரவியதும் ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியாது.

இவள் மட்டும் போகவில்லை. அம்மா பிடித்திருந்த பாப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. ஃபில்டர் போடும்போதெல்லாம் அந்தக் கையைச் சுற்றி நீலமாக ஐந்து விரல்கள் ஊறி வந்தன. நான்கு தடவை துடைத்தேன். ஐந்தாவது தடவை எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"செத்தும் என் உயிரை வாங்குறியே! போய்த் தொலைடி!"

அந்தப் பக்கம் முழுவதையும் வெள்ளையாக்கினேன்.

பக்கத்தில் யூ.கே.ஜி. பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ஜென்சி நிமிர்ந்தாள். "அந்த ஆன்ட்டி இப்ப எங்க போவாங்க மம்மி?"

"எங்கயோ போறா. நீ எழுது."

அது நேற்று. இன்று தனசேகர் படத்தை ஆணியில் மாட்டினார். அவர் மகள் வந்து அதை வெறித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா டெய்லி என் கையப் புடிச்சிகினு இருந்தாங்க. நேத்து வுட்டுட்டாங்க."

நான் அவள் முன்னால் குனிந்தேன். "எங்க போனாங்க?"

"உங்க வூட்டுக்கு."

வண்டியை எப்படி ஓட்டினேனோ, ஏசப்பாவுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக் கதவைத் திறந்தேன்.

சேற்று வாடை.

சுவரில் நானும் ஜென்சியும் கைகோத்து நிற்கும் போட்டோ. நான் நின்ற இடம் வெள்ளையாக இருந்தது. ஜென்சியின் கையைச் சுற்றி நீல விரல்கள் ஐந்து.

வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. ஓடினேன்.

ஜென்சி தெருவில் நடந்து வந்தாள். வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. அந்தப் பக்கம் யாருமில்லை. காய்ந்த சிமெண்டுத் தரையில் அவளோடு ஈரமான காலடிகள் வந்தன, பெரியவை.

"ஜென்சி! அம்மாகிட்ட வாடா கண்ணு!"

நான் கையை நீட்டினேன். அவள் மிரண்டு பின்னால் நகர்ந்தாள். காலியாக இருந்த அந்தப் பக்கத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"மம்மி, யாரு இவங்க?"