கல்லறைக்குப் போன கால்

லாரி எதுவும் போகாதபோதும் தரை அதிர்ந்தது.

லியோனார்டுக்கு அது இடது தொடையில் தெரிந்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் சரிந்து நசுங்கிய காலை முழங்காலுக்கு மேலே வெட்டியெடுத்த பிறகு, மூன்று வருடம் பட்டை கட்டிய செயற்கைக் காலோடு புண்ணும் சீழுமாக நொண்டியவனுக்கு, போன வருடம்தான் தொடை எலும்புக்குள்ளேயே டைட்டானியம் தண்டு இறக்கி, சதையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த அதன் முனையில் புதுக் காலை மாட்டினார்கள். எலும்போடு சேர்ந்ததால் மிதிப்பது மண்ணா சிமென்ட்டா என்றுகூடத் தெரியும். வருகிற திங்கட்கிழமை மறுபடி வேலை. அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தான்.

இன்று கல்லறைத் திருநாள். மழை விட்ட சாயங்காலத்தில் ராயபுரமே காசிமேட்டுக் கல்லறைக்குப் போயிருந்தது. காலியான சந்திலிருந்து மீன் கவிச்சியும் சாக்கடை நாற்றமும் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. மனைவி ஃப்ளோரன்ஸ் மெழுகுவர்த்தியோடு கிளம்பும்போது பெரிய சண்டை.

வெட்டிய காலை ஆஸ்பத்திரிக் குப்பைக்கு விட மனமில்லாமல் அவன் அப்பாவின் கல்லறையில் புதைத்தவள் அவள். அதோடு விட்டாளா? சின்னதாக ஒரு சிலுவை நட்டு அவன் பெயரையும் எழுதிவைத்தாள்.

“உசுரோட கீறவன் பேர எவளாவது சிலுவைல எழுதுவாளாடி? இன்னிக்கு ஃபாதர் ஒவ்வொரு பேராப் படிச்சி, எழுப்பி வுடு ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணுவாரு.”

“பண்ணட்டும். ஒன் ஒடம்புதான அங்க கீது. அதுக்கு மட்டும் யாருமே வோணாமா?”

கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

தொம்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. தொம். ஆள் நடந்தால் இரண்டு காலும் மாறி மாறி விழும். இது ஒரே கால். குதித்துக் குதித்து வருகிறது.

காதுக்கு எதுவும் கேட்கவில்லை. எலும்புக்கு மட்டும் கேட்டது. காலைத் தூக்கினான். நின்றுவிட்டது. வைத்தான். தொம். சந்து முனை. தூக்கி வைத்தான். பக்கத்து வீட்டு வாசல்.

பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே, தண்டின் பூட்டைச் சாவியால் திருகிச் செயற்கைக் காலைக் கழற்றி, அறையின் மூலைக்கு வீசினான். அதிர்வு அடங்கியது. அப்பாடா என்று இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. கதவைச் சாத்தப் போக அவனுக்குக் கால் இல்லை.

ஈர மண் வாசனை. கூடவே மெழுகு.

வாசற்படி தாண்டி உள்ளே வந்து நின்றது. வெறும் கால். கணுக்காலில், பதினெட்டு வயதில் அவன் பச்சை குத்திக்கொண்ட நங்கூரம். மேலே, அறுபட்ட எலும்பின் ஓட்டை.



கட்டிலருகே வந்தது. தண்டின் முனையில் சில்லென்று ஏதோ உரசியது. இறுகியது.

குனிந்து பார்த்தான். நகமெல்லாம் கல்லறை மண். சுண்டுவிரலில் சொட்டியிருந்த மெழுகு இன்னும் ஆறவில்லை. அந்தச் சூடு அவனுக்குத் தெரிந்தது.

விரல்கள் மடங்கின. அவன் மடக்கவில்லை.

பிறகு அந்தக் கால், அவனையும் தூக்கி நிறுத்திக்கொண்டு, காசிமேட்டுப் பக்கம் முதல் அடி வைத்தது.