இரண்டாவது நட்டைத் தொடாதே!

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றில் ரப்பர் பூட்ஸ். இன்னொன்று வெறுங்கால்.

"ராவிரி... டேய்! மீனும் சிப்ஸும் ஆறிப் போகுதுடா!"

நைரி பொட்டலத்தை நீட்டியபடி கராஜுக்குள் நுழைந்தாள்.

கால்கள் அசையவில்லை.

பொட்டலம் கீழே விழுந்தது. அடுத்த விநாடி அவள் போட்ட அலறலில் வைனுயோமாட்டா ஊரின் அந்தத் தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன!

வெள்ளை சுபாரு இம்ப்ரெஸா. தொண்ணூற்றெட்டு மாடல். பானெட்டில் அகன்ற மூக்கு, வயிற்றில் பெரிய டர்போ. தம்பி ராவிரி, பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த கார்...

அதுதான் அவன் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்திருந்தது.

*

சார்ஜென்ட் லோமாக்ஸ் சூயிங்கம்மை இடக்கன்னத்திலிருந்து வலக்கன்னத்துக்கு மாற்றினார்.

"ஆயில் மாத்தப் போயிருக்கான்மா. ஜாக் எறங்கிடுச்சு. வீட்டுலயே காரைப் பிரிச்சு மேயுற பசங்களுக்கு இப்படி ஆகுறது புதுசு இல்ல."

"காரைத் தாங்குற ஸ்டாண்ட் ரெண்டும் செவுத்தோரம் நிக்குது, பாருங்க சார். அதைப் போடாம அவன் அடியில போகவே மாட்டான். கழட்டின வீலைக்கூட காருக்கடியில படுக்கப் போட்டுட்டுத்தான் உள்ள போவான். எல்லாம் சரிஞ்சாலும் அந்த வீல் தாங்கும்னு."

"எவனுக்கும் ஒரு நாள் அவசரம் வரும்மா."

நைரி காரின் ஓரத்தில் கிடந்த தட்டைப் பார்த்தாள். வடித்த எண்ணெய்... குனிந்தாள்.

குப்பென்று அழுகின முட்டை நாற்றம்!

"சார்... இது இன்ஜின் ஆயில் இல்ல!"

"பின்ன? தேங்கா எண்ணெயா?"

"கியர்பாக்ஸ் ஆயில்! அதுக்குத்தான் இந்த நாத்தம். சுபாருவுக்கு அடியில முன்ன பின்ன ரெண்டு நட்டு சார். முன்னால இருக்கிறது இன்ஜினுக்கு. பின்னால இருக்கிறது கியர்பாக்ஸுக்கு. புதுசா கை வைக்கிறவன் பின்னால உள்ளதைத் தொறந்துட்டு முழிப்பான். ராவிரி தூக்கத்துல தொறந்தாக்கூட சரியாத்தான் தொறப்பான்!"

"அதனால?"

"ஆயில் மாத்துறாப்ல ஜோடிச்சிருக்கான் எவனோ. சுபாருவைத் தொட்டே பாக்காத எவனோ!"

அவள் விரல் சுவரைக் காட்டியது. ராவிரியின் ஸ்பானர் பலகை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் பின்னால் அதனதன் உருவத்தைச் சிவப்புக் கோட்டில் வரைந்து வைத்திருப்பான். ஒரு உருவம் மட்டும் காலி. இருப்பதிலேயே பெரிய ஸ்பானர்.

"ஒண்ணு காணோம்!"

லோமாக்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஸ்பானர் காணாம போனதெல்லாம் கொலைக் கேஸுன்னா, என் பொண்டாட்டி என்னைத் தூக்குல போட்டிருப்பா. வரேம்மா."

"சார்... இந்த நாத்த விஷயத்தை வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க."

"சொன்னா என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. சொல்லலை!"

சட்டம் கையை விரித்துவிட்டது.

நைரி கையை முறுக்கிக்கொண்டாள்.

*

சுபாருவைத் தொட்டே பார்க்காதவன் யார்?

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு டியோன்! ஃபோர்டு வெறியன். கையில் ஃபோர்டு என்று பச்சை குத்தியிருப்பான், தொப்பியில் ஃபோர்டு பேட்ஜ். ராவிரி டர்போவை முறுக்கும்போதெல்லாம் வேலிக்கு மேலே அவன் தலை முளைக்கும்.

"அந்தத் தகர டப்பா ஒரு நாள் உன் தலையிலயே விழும்டா!"

சொன்னான். விழுந்தது.

இறுதிச் சடங்கில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டதெல்லாம் லைல் ப்ரூஸ்டர்தான். சுபாரு கிளப் தலைவர். அந்த வட்டாரத்தில் யாருக்கு டர்போ இன்ஜின் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் லைலிடம்தான் போவார்கள். 'லைல் கட்டின இன்ஜின்' என்றால் தனி விலை. நைரியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அவன் காரை எனக்குக் குடுத்துடு கண்ணு. கிளப்ல அவன் ஞாபகமா நிறுத்தி வைக்கிறேன்."

"சனிக்கிழமை வாங்க லைல்."

அதே சனிக்கிழமைக்கு டியோனையும் கூப்பிட்டாள்.

கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினாள். ஒரு பக்கத்து முன் வீலைக் கழற்றினாள். காரை ஜாக்கில் தூக்கினாள். ஸ்டாண்ட் இரண்டையும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஜாக்கின் நீளக் கைப்பிடி. இடப்பக்கம் ஒரே ஒரு திருகு... கார் இறங்கிவிடும்!

தம்பி போன வழியிலேயே அவனும் போகட்டும்.

*

சனிக்கிழமை. நல்ல வெயில். எந்த வீட்டு ரேடியோவிலோ ரக்பி கமென்ட்ரி.

"காரை விக்கப் போறேன் டியோன். ஆயில் மாத்தித் தர்றியா?"

"ஃபோர்டுக்காரனைக் கூப்பிட்டு சுபாருவுக்கு எண்ணெய் மாத்தச் சொல்றியேக்கா! என் கூட்டாளிங்க பார்த்தா என்னைத் தள்ளி வெச்சிடுவானுங்க."

"ஏன்... தெரியாதா?"

"தெரியாம என்ன? ஸ்டாண்டு எங்க?"

"போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

டியோன் ஒரு கணம் காரைப் பார்த்தான். பிறகு, கழற்றி வைத்திருந்த வீலை உருட்டி வந்து, கதவுக்குக் கீழே காருக்கடியில் படுக்கப் போட்டான்.

நைரி அந்த வீலையே பார்த்தாள்.

'இதை எங்கே கற்றான்?'

அதற்குள் அவன் உள்ளே சறுக்கியிருந்தான்.

"பதினேழாம் நம்பர் ஸ்பானர் குடுக்கா."

கொடுத்தாள். அதே கை ஜாக்கின் கைப்பிடிக்குப் போனது. குனிந்து பார்த்தாள். அவன் விரல்கள் இருட்டில் தடவின. பின் நட்டைத் தொட்டன...

தொட்டுவிட்டான்! இவன்தான்!

கைப்பிடியை இறுக்கினாள். வீலை எட்டி உதைத்துவிட்டு, ஒரு திருகு...

விரல்கள் நழுவி முன் நட்டுக்கு வந்தன!

"இந்தப் பின் நட்டு இருக்கே... மொத தடவை இதைத் தொறந்துட்டேன்கா. ராவிரி விழுந்து விழுந்து சிரிச்சான்!"

"ராவிரியா? உனக்கா?"

"எங்கம்மாகிட்ட ஒரு பழைய சுபாரு டர்போ ஃபாரஸ்டர் இருக்குல்ல. நீ பேக்கரி வேலைக்குப் போனப்புறம் வேலியைத் தாண்டிடுவேன். அவன்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தான். வீல் போடாம அடியில போனா மண்டையிலயே தட்டுவான்."

"அப்ப... தெனமும் போட்ட சண்டை?"

"சும்மாக்கா! ஃபோர்டுக்காரனுக்கு மானம் முக்கியம். அவன் செத்தன்னைக்கு அழுதா கண்டுபிடிச்சிடுவாங்களேன்னு, அம்மா வண்டிக்குள்ள ஒக்காந்து அழுதேன்."

சொல்லிக்கொண்டே, எண்ணெய் பிடிக்கத் தட்டு எடுக்க வெளியே வந்தான். விரல் முட்டிகளில் தழும்புகள். ராவிரிக்கும் அப்படித்தான். சுபாருவின் படுக்கை இன்ஜினின் பக்கவாட்டில் கையை நுழைத்து ப்ளக் மாற்றுகிறவனுக்குத் தோல் மிஞ்சாது.

நைரியின் கை ஜாக்கின் மேலேயே உறைந்திருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால்...

"என்ன கண்ணு, ஒரே கூட்டமா இருக்கு?"

வாசலில் லைல்! கிளப் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றின கையை நைரி பார்த்தாள்.

முட்டிகள் வழவழவென்றிருந்தன. ஒரு கீறல்கூட இல்லை!

இன்ஜின் கட்டுவதில் மன்னன் என்று ஊரே சொல்கிற ஆளுக்கு... பால்கோவா மாதிரி கையா?

"உள்ள வாங்க லைல். ஆயிலை நீங்களே மாத்திடுங்களேன். உங்க கை பட்டா ராவிரிக்குச் சந்தோஷம்."

"நானா? நல்ல சட்டை போட்டிருக்கேனே..."

டியோன் இளித்தான். "தலைவரே, ஃபோர்டுக்காரன் முன்னாடி பின்வாங்குறீங்களா? கிளப்ல சொல்லிடுவேன்!"

லைலின் முகம் சிவந்தது. ஜாக்கெட்டை வீசினார்.

"தள்ளு! நூறு இன்ஜின் கட்டினவன்டா நான். இந்த வீல் என்னத்துக்கு இடைஞ்சலா?"

காலால் அதை உதைத்து வெளியே தள்ளிவிட்டு உள்ளே சறுக்கினார்.

நைரியும் டியோனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பதினேழு இந்தாங்க தலைவரே."

டங்... டங்... கீழே உலோகச் சத்தம்.

"இது பத்தாதுடா! பெரிசா குடு!"

இன்ஜின் நட்டுக்குப் பதினேழு அளவெடுத்த மாதிரி பொருந்தும். பெரிய ஸ்பானர் கேட்பது ஒரே ஒரு நட்டுதான்!

டியோன் வாய் பிளந்தான். நைரி ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பானரை மெதுவாக உள்ளே உருட்டினாள்.

கிர்ர்ர்... நட்டு கழன்றது. கொடகொடவென்று எண்ணெய் கொட்டியது.

அழுகின முட்டை நாற்றம்!

அன்று வந்த அதே நாற்றம். நைரிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

கைப்பிடியை இடப்பக்கம் திருகினாள்!

"அக்கா! வேணாம்!"

டியோனின் கால் பறந்தது. வீல் சறுக்கிக்கொண்டு காருக்கடியில் பாய்ந்தது. அதே நொடி... கார் 'பொத்'தென்று அதன் மேல் உட்கார்ந்தது!

"ஐயோ! தூக்கு! தூக்குடீ! மூச்சு முட்டுது!"

நெஞ்சுக்கும் காருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அசைய முடியாது. எண்ணெய் முகத்திலேயே கொட்டியது. அன்று கிழமை சனி. எண்ணெய்க் குளியலுக்கு உகந்த நாள்தான்!

"ராவிரியை ஏன் கொன்னே?"

"நா... நான் ஒண்ணும்..."

நைரி கராஜ் கதவைப் பாதி இறக்கினாள். "டியோன், வீலை உருவுடா."

"வேணாம்! சொல்றேன்! இன்ஜின் எல்லாம் கட்டினது அவன்தான்! நான் என் பேரு போட்டு வித்தேன். அவனால குடுத்து மாளலை... குப்பைக் கடை இன்ஜினைக் கழுவி நான் கட்டினதுன்னு வித்தேன். ஒண்ணு ஹைவேல வெடிச்சு ஒரு பையன் கால் போச்சு. கிளப்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்னான் ராவிரி..."

"அதனால?"

"ஸ்பானரால பின்மண்டையில ஒரே அடி. அப்புறம் காருக்கடியில இழுத்துப் போட்டு..."

"அந்த ஸ்பானர் எங்க?"

"என் ஷெட்ல! மேல் தட்டுல! துணியில சுத்தி... தூக்குடீ!"

டியோன் செல்போனில் பதிவை நிறுத்தினான். பிறகு போலீஸை அழைத்தான்.

*

லோமாக்ஸ் குனிந்து பார்த்தார். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"இந்த நாத்தமா நீ அன்னைக்குச் சொன்னது?"

"ஆமா சார்."

"மிரட்டி வாங்கின வாக்குமூலம் கோர்ட்ல நிக்காதும்மா. ஜாக்கை யாரு எறக்கினதுன்னு வேற கேப்பாங்க."

"வழுக்கிடுச்சு சார். வீட்டுல ரிப்பேர் பாக்குறப்ப இப்படி ஆகுறது புதுசு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லோமாக்ஸ் மென்றுகொண்டிருந்த சூயிங்கம்மை விழுங்கிவிட்டார்.

அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. லைலின் ஷெட்டுக்குப் போன கான்ஸ்டபிள்.

'ஸ்பானர் கிடைச்சிடுச்சு சார். மேல் தட்டுல, துணியில சுத்தி. ரத்தக்கறை, முடி எல்லாம் ஒட்டியிருக்கு.'

பலகையின் காலி உருவத்தை நைரி ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"சரி, கேஸ் நிக்கும்." லோமாக்ஸ் தொப்பியைக் கழற்றினார். "காரைத் தூக்கி அந்த ஆளை வெளிய எடுங்க."

கீழே சொட்டு... சொட்டென்று சத்தம். நடுவே லைலின் முனகல்.

நைரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். எண்ணெய் கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும்... அவசரப்பட்டா ராவிரிக்குப் பிடிக்காது!"