லைற் அடித்துப் போனவன்

கள்ளியந்தரவையில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கரவெட்டிப் பக்கம் போகிற வீதி அந்த உப்பு நிலத்தை நேராக வெட்டிக்கொண்டு ஓடும். இரண்டு பக்கமும் வெளுத்த தரை, மேய ஒன்றுமில்லாத மாடுகள், ஓயாத காற்று. அந்த வீதியில் ஏறியதும் எவனுக்கும் கை தானாக அக்சிலேற்றரை முறுக்கும். அதனால்தான் பொலிசாரும் அங்கே போய் நிற்பார்கள்.

மாற்றலாகி வந்த முதல் நாளே கான்ஸ்டபிள் ஜெரோசனின் கையில் றேடார் துவக்கைக் கொடுத்து அங்கே நிறுத்திவிட்டார் சார்ஜன் கதிரவேலு. உச்சி வெயில். தார் இளகி மணத்தது. ஜெரோசன் குருநகர்ப் பொடியன். வேகம் பிடிக்கிற அந்தத் துவக்கைப் பயிற்சியில் நன்றாகப் பழகியவன் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. முதல் நாளே நாலு பேரை மறித்துப் பெயரெடுக்கலாம் என்று நின்றான்.

ஒருவனும் அகப்படவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் கோயில் தேருக்குப் பின்னால் போகிறவர்கள் மாதிரி ஆறுதலாக வந்தார்கள். அதில் அதிசயமில்லை. முன்னால் பொலிஸ் நிற்கிறது என்றால் எதிரே வருகிறவனுக்கு லைற்றை அடித்துக் காட்டிவிட்டுப் போவது எங்கள் ஊர்களில் ஒரு தர்மம். பெற்ற தகப்பனுக்குத் தண்ணீர் கொடுக்காதவன்கூட இதைத் தவற விடமாட்டான். ஆனால் அன்று பொலிஸ் இருவரையும் கடந்து எதிர்த்திசையில் ஒரு வாகனமும் போகவில்லை. பிறகு யார் போய் லைற் அடித்தது?

ஜெரோசன் ஒருவரை மறித்துக் கேட்டே விட்டான்.

"ஆரண்ணை உங்களுக்கு லைற் அடிச்சது?"

"மீன்காரப் பொடியன். சிவப்பு மோட்டச்சைக்கிள், பின்னாலை வெள்ளைப் பெட்டி. உங்களைத் தாண்டித்தானே வந்திருப்பான்?"

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். ஸ்கூட்டரில் வந்த கன்னியாஸ்திரியும் தயங்கித் தயங்கி அதையேதான் சொன்னார்.

கதிரவேலு மறுபக்கம் திரும்பி நின்றார். "கேக்காதை," என்றார் மெல்ல. "ஒருத்தரையும் கேக்காதை."

வீதி வெறிச்சென்று கிடந்தது. அப்போது துவக்கு கீச்சிட்டது.

திரையில் 38.

எதிரே ஒன்றுமே இல்லை.

காற்று நின்றது. மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரின் மணம் அவன் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. தாரில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்து, அவன் சப்பாத்தைக் கடந்து முன்னே ஓடியது. ஓடும்போதே பின்னால் காய்ந்துகொண்டு வந்தது.

"ஆரண்ணை அது?"

கதிரவேலு ஒரு பெயரை மட்டும் சொன்னார்.

"றஞ்சித்."

போன வருசம் இதே இடம். றஞ்சித் மீன் பெட்டியோடு வந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று. கதிரவேலு துவக்கை நீட்டினார், 91 என்று காட்டியது. வீதிக்குப் பாய்ந்து மீன்காரனுக்குக் கையைக் காட்டினார். அவன் சொன்னபடி கேட்கிற பிள்ளை. உடனே பிரேக் பிடித்தான். டிப்பர் பிடிக்கவில்லை.

'மோட்டார் சைக்கிள்காரன் பறந்து வந்து திடீரென்று நின்றான்' என்றான் டிப்பர்காரன். துவக்கிலும் 91 இருந்தது. செத்தவன் எழும்பி வந்து மறுக்கவா போகிறான்? பழியையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஜெரோசன் கையிலிருந்த துவக்கைத் திருப்பிப் பார்த்தான். துவக்கிலிருந்து போகிற கதிர் தூரம் போகப் போக அகலும். மோட்டார் சைக்கிள் சின்னப் பொருள், கிட்ட வரும் வரைக்கும் அது துவக்குக்கு ஒழுங்காகத் தெரியாது. பின்னால் டிப்பர் மாதிரி ஒரு பெரிய இரும்பு முகம் வந்தால், எவ்வளவு தூரத்திலும் துவக்கு அதைத்தான் பிடிக்கும். பயிற்சியில் முதல் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான்.

"அது டிப்பரின்ரை வேகம் அண்ணை."

"தெரியும்."

"அண்டைக்கே தெரியுமோ?"

"அண்டைக்குப் பின்னேரம் தெரியும்," என்றார் கதிரவேலு.

அந்தக் கிழமையே றஞ்சித்தின் தாய் மார்கிரட் பொலிஸ் நிலைய வாசலில் ஜெரோசனைத் தேடி வந்து நின்றாள். விபத்து வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. துவக்கைப் பற்றிச் சாட்சி சொல்ல, அதைப் பழகிய ஜெரோசனை அழைத்திருந்தார்கள்.

"தம்பி, ஐஸும் மீனும் ஏத்தினால் என்ரை பிள்ளை நாப்பதைத் தாண்டான். வேகம் காட்டுற முள்ளு முப்பத்தெட்டிலைதான் நிக்கும். நான் எத்தினை தரம் பின்னாலை இருந்து பாத்தனான். அவன்ரை மகளைப் பள்ளிக்கூடத்திலை, 'உன்ரை அப்பா பறந்து செத்தவர்' எண்டு பகிடி பண்ணுதுகள். வேறை ஒண்டும் கேக்கேல்லை. அவன் பறக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

முப்பத்தெட்டு. துவக்குத் திரையில் ஜெரோசன் கண்ட அதே எண்.

"சொல்லுறன் அம்மா," என்றான். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னான்.

வழக்குக்கு முதல் நாள் கதிரவேலு அவனைத் தனியே கூப்பிட்டார். "ஸ்டேசன் பெரியவர் சொல்லச் சொன்னவர். மெசின் ஆளை மாறிப் பிடிக்கும் எண்டு நீ கோட்டிலை சொன்னால், நாளைக்கு ஒருத்தனும் தண்டம் கட்டான். மொனறாகலைக் காட்டுப் பக்கம் ஒரு வெற்றிடம் கிடக்காம், உன்னை மாத்திவிடுவினமாம். வீட்டிலை எத்தினை மாசம்?"

"எட்டு."

"யோசிச்சுக் கதை."

யோசித்தான். இரவு முழுக்க மனைவி லவீனாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். பயந்தவன் யோசித்தால் எங்கே போய் முடியும் என்பது தெரிந்ததுதானே.

"மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் டிப்பரும் வந்தால், இந்தக் கருவி எதன் வேகத்தைக் காட்டும்?" என்று கேட்டார் சட்டத்தரணி.

"குறி வைத்ததன் வேகத்தை."

அவ்வளவுதான். நாலு சொல்கூட இல்லை. றஞ்சித்தை இரண்டாம் தரம் கொல்ல அது போதுமாக இருந்தது.

வெளியே மார்கிரட் நின்றாள். திட்டுவாள், மண் அள்ளி எறிவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனான். அவள் கிட்ட வந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"தரவையாலை போகேக்கை மெதுவாய்ப் போங்கோ தம்பி. வீட்டிலை பிள்ளைத்தாச்சி எல்லோ."

தரவைக்கு அப்பால்தான் அவன் வாடகைக்கு இருந்த வீடு. பின்னேர வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அவளுடைய சொல் காதுக்குள் கிடந்து குடைய, சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று மோட்டார் சைக்கிளின் அக்சிலேற்றரை முறுக்கினான்.

இயந்திரம் அலறியது. வேகம் ஏறவில்லை.

முள் முப்பத்தெட்டில் நின்றது.

இன்னும் முறுக்கினான். அதே முப்பத்தெட்டு.

மீன் மணம். முதுகில் எதுவோ குளிர்ந்து நனைந்தது.

பின்னால் டிப்பரின் ஹோர்ன்.

கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடி முழுக்க இரும்பு முகம். ஹோர்ன் காதைப் பிளந்தது. தரவைக்குள் இறக்கி விழுந்து, உப்பு மண்ணில் முகம் தேய்ந்து, "மாதாவே" என்று கத்திக்கொண்டு திரும்பினான்.

வீதியில் ஒரு வாகனமும் இல்லை. மாடுகள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றன.

மோட்டார் சைக்கிளை நிமிர்த்தியபோது பின் ஆசனத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் இரண்டு மூன்று மீன் செதில்கள் மிதந்தன. தார் வீதியில் சொட்டுச் சொட்டாக ஈரம், அவனுக்கு முன்னே, வீடு இருக்கிற திசையில் போயிருந்தது. இந்த முறை அது காயவில்லை.

அந்த ஈரத்தின் பின்னாலேயே போனான். சந்தி திரும்பியது, அவனும் திரும்பினான். ஒழுங்கைக்குள் இறங்கியது, அவனும் இறங்கினான். தன் வீட்டுக் கேற்றடியில் அது முடிந்தது. திறப்பைக் கழற்றினான். இயந்திரம் நின்றது. முள் இறங்கவில்லை. முப்பத்தெட்டிலேயே நின்று மெல்ல நடுங்கியது.

லவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ, இப்பதான் உங்களுக்கு முன்னாலை ஒரு மீன்காரப் பொடியன் வந்தவன். மீன் வேணுமோ எண்டும் கேக்கேல்லை. என்னைப் பாத்து லைற்றை அடிச்சுப்போட்டுப் போறான்."

அவன் வாயைத் திறக்க முன் அவளே சொன்னாள்.

"பொலிஸ் வருகுது, கவனம் எண்டு சொல்லுறான் போலை."