மூன்றாம் லைனின் டோக்கன்

சட்டை தைக்கிற கம்பெனியில் மெஷின் ரிப்பேருக்குச் சேர்ந்த முதல் நாள் அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அங்கே மூன்றாம் லைனில் காலர் தைக்கிறவள்.

"உள்ள போனா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்றாள் கேட் அருகே. "நான் மாசமா இருக்கிறது இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்குத்தான்."

பழைய கட்டடம். வெளியே பார்த்தால் வேலை கெட்டுவிடும் என்று ஜன்னல்களை அட்டையால் அடைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் டியூப்லைட். மெஷின் எண்ணெய் வாடை, புதுத்துணியின் கஞ்சி வாடை, இரண்டுக்கும் அடியில் எங்கோ தேங்கிய தண்ணீரின் வாடை.

ஒரு லைனுக்கு ஒரு டோக்கன் என்பது அங்கே சட்டம். கையகல மரப்பலகை, அதில் ஒரு கயிறு. கழிவறைக்குப் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். மாட்டுக்காவது மணி கட்டுவார்கள்.

மூன்றாம் லைன் ஆணி காலையில் காலியாக இருந்தது. சாப்பாட்டு வேளை முடிந்தும் காலி.

"யாரு இவ்வளவு நேரமா உள்ள?" என்றேன்.

பட்டன் வைக்கிற அத்தை, கம்பெனிக்கே அவர் அத்தை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மூலை மெஷினைத் தாடையால் காட்டினார். வெறும் ஸ்டூல்.

"நெஞ்சு வலிக்குது, எந்திரிக்கணும்னு சொன்னா அங்க உக்காந்திருந்தவ. டோக்கன் வெளிய இருக்கு, வந்ததும் போன்னு சொன்னான் சூப்பர்வைசர். உக்காந்தபடியே போய்ச் சேர்ந்துட்டா. லைட்டை அணைக்கும்போதுதான் பார்த்தோம்."

"அப்புறம்?"

"மறுநாள் ஆணியில டோக்கன் இல்ல. அவ முறை வந்துடுச்சு. போயிருக்கா."

"அப்ப நீங்கள்லாம்?"

"நாங்க தண்ணியே குடிக்கிறதில்லடா."

சூப்பர்வைசரிடம் வேறு டோக்கன் கேட்டேன். "ஒரு லைனுக்கு ஒண்ணு," என்றார். "அது தொலையல. வெளிய போயிருக்கு." நிர்வாகத்துக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது. டோக்கன் மேல் இருந்தது.

அடக்கி வைத்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்று டாக்டர் அக்காவை எச்சரித்திருந்தார். ஒரு நாள் அவள் முகம் துணி மாதிரி வெளுத்துப்போனது. உதட்டைக் கடித்துக்கொண்டு காலர் தைத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பிளைவுட் துண்டை அறுத்து, துளை போட்டு, கயிறு கட்டி, சூப்பர்வைசர் டீக்குப் போன சமயம் ஆணியில் மாட்டினேன்.

ஒரு டோக்கன் ஏற்கெனவே வெளியே இருக்கும்போது இன்னொன்றை மாட்டினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. கணக்கில் நான் எப்போதுமே வீக்.

"உனக்கும் மண்டையில ஏதோ இருக்குடா," என்று சிரித்தாள் அக்கா. கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே கதவு சாத்துகிற சத்தம்.

மூலை மெஷின் ஓட ஆரம்பித்தது.

அதன் கரண்ட் ஒயரைக் காலையில் நான்தான் பிடுங்கியிருந்தேன்.

பெடல் அமுங்கியது, எழுந்தது. ஸ்டூலில் யாரும் இல்லை. அதற்கு மேலே, கழுத்து உயரத்தில், பழைய டோக்கன் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தரத்தில் தொங்கியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டார்கெட் இருந்தது.

டீ முடித்து வந்த சூப்பர்வைசர் மட்டும் ஸ்டூலைப் பார்த்து, "ஒருவழியா வந்தாச்சா," என்றார்.

நான் கழிவறைக்கு ஓடினேன். கடைசிக் கதவு உள்பக்கம் தாழ்.

"அக்கா."

"இதோ வரேன்டா." கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி குரல்.

கதவை உடைத்தோம். உள்ளே யாருமில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று கம்பெனி முடிவு செய்தது. தேடி வந்த எங்கள் அம்மாவுக்கு ஆபீஸர் நாற்காலி போட்டு, "இங்க நிறையப் பேர் இப்படித்தான் போயிடுறாங்கம்மா," என்று ஆறுதல் சொன்னார். புதுக் கதவு போட்டார்கள். அதுவும் தானாகவே உள்ளே தாழிட்டுக்கொண்டது. மூலை மெஷின் தினமும் டார்கெட் முடித்தது. தண்ணீர் கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை. "எல்லாரும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்," என்று சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார்.

நான் வேலையை விடவில்லை. சாப்பாட்டு வேளையில் அந்தக் கதவருகே போய் நிற்பேன்.

"வரேன்டா," என்பாள்.

மாதங்கள் போயின. ஒரு மதியம் கதவின் அடியிலிருந்து என் பிளைவுட் துண்டு மெல்ல நகர்ந்து வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தேன். ஈரம். அதன் ஒரு மூலையில் சின்னச் சின்னக் கடித்தடங்கள்.

பல் முளைக்கிற குழந்தை கடித்த மாதிரி.

பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் அதைப் பிடுங்கிக்கொண்டு போய், நானும் கூடவே ஓட, ஆணியில் மாட்டினார். "யாருக்குப் போகணும்?"

லைன் முழுக்கக் கை உயர்ந்தது. ஆணிக்கு அருகில் இருந்தவர் அத்தை.

"வேணாம் அத்தை," என்றேன் மெதுவாக.

"தெரியும்டா," என்றார். கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "காலையிலருந்து முடியல."

உள்ளே கதவு சாத்துகிற சத்தம்.

என் முதுகுக்குப் பின்னால் அக்காவின் மெஷின் ஓட ஆரம்பித்தது.

நான் திரும்பவில்லை.

முழங்காலுக்குக் கீழே, என் பேன்ட்டை ஒரு சின்ன ஈரக் கை பிடித்து இழுத்தது.