பம்ப் ரூமிலிருந்து வந்த மெயில்

2003 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இறங்கி, அமோனியா சேமிக்கும் அந்தக் கம்பெனிக்குள் வாரிசு வேலைக்கு நுழைந்தேன். மூன்று மாதம் முன்பு என் புருஷன் அறிவு இதே கேட் வழியாகத்தான் ஆம்புலன்ஸில் வெளியே போனார்.

பம்ப் ரூமில் குழாய் விட்டுப்போய் கேஸ் கசிந்தது. யார்டில் இருந்த இரண்டு பேரும் அவரோடு செத்துப்போனார்கள். விசாரணை ஒரே வரியில் முடிந்தது: ஆபரேட்டர் அறிவு எச்சரிக்கை அனுப்பவில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டு வீட்டாரும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தூங்கியிருப்பான், குடித்திருப்பான் என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு மட்டும் துடைக்கப்பட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

மாறாமல் இருந்தவர் லோகநாதன் அண்ணன் ஒருவர்தான். சர்வர் ரூம் இன்சார்ஜ், அறிவுக்குப் பத்து வருஷ தோஸ்து. பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். ஓடியாடி எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவரே.

"பயப்படாத தங்கச்சி. நீ படிச்ச கம்ப்யூட்டர் படிப்பு போதும். மெயில் ஓடுதான்னு பாத்துகினு இருந்தா சரி. நான் கீறேன்ல" என்றார்.

சர்வர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் இருட்டு, ஏசியின் முனகல், பச்சை விளக்குகளின் சிமிட்டல். முதல் நாள் மதியம் மூன்று பத்துக்கு மூக்கில் ஏதோ ஏறியது. கண் எரிந்தது.

அமோனியா.

பம்ப் ரூம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கு அரக்கு சீல் வைத்திருந்தார்கள்.

அண்ணன் டீ குடித்துவிட்டு வந்ததும் சொன்னேன். "ஏசி வாடைம்மா" என்று சிரித்தார். ஆனால் தினமும் மூன்று மணிக்கு அவர் ஏன் டீ குடிக்கக் கிளம்புகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

மெயில் சர்வர் ஒரு தபால் ஆபீஸ் மாதிரி. சில முகவரிக்கு வரும் மெயில் ஆளிடம் போகாது, ஒரு புரோகிராமிடம் போகும். மெயில் வந்ததும் புரோகிராம் தானே ஓடும். 'சைரன்' என்ற முகவரிக்கு பம்ப் ரூமிலிருந்து ஒரு மெயில் வந்தால் யார்டு முழுக்க சைரன் ஊதும். அறிவும் அண்ணனும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. "ஒரு தட்டு தட்டுனா போதும் மித்ரா, எண்ணூரே ஓடும்" என்று அறிவு சாப்பிடும்போது பெருமையடிப்பார்.

இரண்டாவது வாரம், சர்வர் எழுதி வைக்கும் குறிப்பில் அந்த வரியைப் பார்த்தேன். மணி மூன்று பத்து, அன்று கேஸ் கசிந்த அதே நேரம். அனுப்பியது அறிவு, பம்ப் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து. பெறுவது சைரன். நிலை: சேர்ந்தது.

அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

மறுநாளும் வந்தது.

அதற்கு மறுநாளும்.

சேர்ந்தது என்றால் எங்கே சேர்ந்தது? சைரன் ஊதவில்லையே. முகவரிக் கோப்பைத் திறந்தேன். சைரன் புரோகிராமை ஓட்டும் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி. அந்தக் குறி இருந்தால் சர்வர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. கீழே புது வரி ஒன்று. சைரனுக்கு வரும் மெயிலையெல்லாம் வெற்றுக் குழியில் போடச் சொல்லியிருந்தது. அந்தக் குழி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, வாங்கிக்கொண்டேன் என்று மட்டும் சொல்லும்.

எங்கள் தொழிலில் பழைய வரியை யாரும் அழிப்பதில்லை. ஹாஷ் போட்டு முடக்கிவிட்டு, பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதி வைப்போம், பிறகு தேவைப்படுமே என்று. அண்ணனுக்குக் கைப்பழக்கம் போகவில்லை. 'லோகு, மார்ச் 11' என்று எழுதியிருந்தது.

அறிவு செத்தது மார்ச் 12.

அன்று மூன்று மணிக்கு அவரை டீக்குப் போக விடவில்லை. கதவை மறித்துக்கொண்டு திரையைக் காட்டினேன்.

"அண்ணே, இத யாரு போட்டது?"

அவர் முகம் வெளுத்தது. "ஃபாரின்காரங்க யார்டு பாக்க வந்தாங்கம்மா. அந்த நேரத்துல சைரன் கிய்ரன் ஊதிடப் போவுதுன்னு மேனேஜர் நிறுத்தச் சொன்னாரு. ரெண்டு நாளைக்குத்தான். அறிவுகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்..."

"சொன்னியா?"

"இல்ல."

"அவரு மெயிலே அனுப்பலன்னு விசாரணையில சொன்னது?"

"நான்தான்." குரல் அடங்கியது. "நானும் புள்ளகுட்டிக்காரன், தங்கச்சி."

கூடப்பிறந்தவன் போல நின்றவன். என் சோற்றைத் தின்றவன். "வா, வெளிய வந்து எல்லார்கிட்டயும் சொல்லு" என்று சட்டையைப் பிடித்தேன்.

"நீ இன்னா சொல்லப் போற? வேலைல சேரும்போது கையெழுத்து போட்டியே, படிச்சியா? புருஷனோட அஜாக்கிரதைதான் காரணம்னு அதுல கீது."

படிக்கவில்லை. இங்கிலீஷில் நாலு பக்கம். அண்ணன் பென்சிலால் குறி போட்டுத் தந்த இடத்திலெல்லாம் போட்டேன். அண்ணன் நீட்டியதை யாராவது படித்துப் பார்ப்பார்களா?

திரும்பி உட்கார்ந்து ஹாஷ் குறியை எடுத்தேன். குழிக்குப் போகும் வரியை அழித்தேன். கோப்பை மறுபடி படி என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்தேன்.

மணி மூன்று ஒன்பது.

"வேணாம்மா, அவன் தினமும் அனுப்பிகினு கீறான், ஊதிடும்" என்று அவர் கிசுகிசுத்தார்.

வாடை ஏறியது.

சைரன் ஊதியது.

யார்டு முழுக்க ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. லோகநாதன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தார். "மாமு, மன்னிச்சுடு மாமு" என்று மூலையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கேட்டுக்கு ஓடி, "அவரு அனுப்புனாரு! என் புருஷன் அனுப்புனாரு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூடியிருந்தவர்கள் உள்ளே வந்து திரையைப் பார்த்தார்கள். லோகநாதன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அன்று சாயங்காலம் செத்துப்போன இருவரின் வீட்டாரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு பையை எடுக்க சர்வர் ரூமுக்குத் திரும்பினேன். எனக்கென்று ஒரு மெயில் வந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், அவர் எழுதும் விதம்.

"மித்ரா, நீயுமா கையெழுத்து போட்ட?"

படிக்காமல் போட்டேன் என்று பதில் எழுதினேன். போய்ச் சேர்ந்தது என்றது சர்வர். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி மறுபடி வந்தது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் புது மெயில் முகவரி எடுத்தேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. முதல் முறை திறந்தபோதே உள்ளே அறிவிடமிருந்து ஒரு மெயில் காத்திருந்தது.