சீவலோடு போனது

கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாசற்கதவுக்கு மேலே சிவப்பு முள் ஒவ்வொரு நொடியாகத் தாண்டிப் போனது. டிக் டிக் சத்தம் மட்டும் இல்லை. அவள் நாற்காலியில் ஏறி அதன் கண்ணாடியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் முள்ளும் சேர்ந்துதானே நிற்கவேண்டும், சத்தம் மட்டும் தனியாகத் தீர்ந்துபோகுமா? ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவேண்டிய அறுபது பெயர்ப்பலகைகளின் வேலை தலைக்கு மேல் கிடந்தது. கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை என்று இறங்கிவிட்டாள்.

முன்னறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலோரம் எழுத்து வெட்டும் மெஷின், அதன் ஊசிமுனையை ஒட்டி வேக்குவத்தின் குழாய், கதவோரம் குழந்தையின் தொட்டில். பித்தளையை வெட்டும்போது தெறிக்கும் சீவலை உடனுக்குடன் உறிஞ்சாவிட்டால் எழுத்தெல்லாம் கீறலாகிவிடும். தரையில் சிந்தினாலோ, ஐந்து மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் அதைவிட வினை வேறில்லை. பழைய வேக்குவம் உறிஞ்சியது, ஆனால் ரம்பம் போல அலறியது. அதன் அலறலில் குழந்தை விழிக்கும், குழந்தையின் அலறலில் தெருவே விழிக்கும். லாரி ஓட்டும் கணவன் மகளுக்குச் சங்கு என்றே பட்டப்பெயர் வைத்திருந்தான். "இவ அழுதா, ஷிப்ட் முடிஞ்சுதுன்னு மில்லுல ஆளுங்க வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க" என்பான். இரண்டு நீண்ட இழுப்பு, மூன்றாவது இழுப்பு முடியுமுன் ஒரு விக்கல். அதுதான் அவள் அழுகை. ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவிலும் அந்த விக்கலைத் தாய்க்குத் தெரியும்.

போன வாரம்தான், சத்தம் போடாத, சீக்கிரம் கெடாத வேக்குவம் ஒன்று வேண்டும் என்று, கைப்பையில் ஒரு பொட்டலம் பித்தளைச் சீவலைக் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். தரையில் கொட்டி, உறிஞ்சிக் காட்டச் சொன்னாள். முதல் கடைக்காரர், "இது வீட்டுத் தூசிக்குத்தாங்க. பித்தளைன்னா நாலே மாசத்துல மோட்டார் போயிடும்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது கடையில் விற்பனைப் பையன், மெஷினை ஓடவிட்டு, "சத்தமே வராது மேடம்!" என்பதைத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னான்.

மூன்றாவது, சந்தின் கோடியில் ஒரு ரிப்பேர்க் கடை. அங்கிருந்தவர் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தாளில் எழுதிக் காட்டினார். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாம்பல் நிற இரும்பு டிரம் ஒன்றை இழுத்துவந்து சுவிட்சைத் தட்டினார். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. தரையில் கிடந்த சீவல் மட்டும் காணாமல் போயிற்று. 'முப்பது வருஷமாக ஓடுகிறது, இதுவரை கழற்றியதில்லை' என்று எழுதினார். பிறகு, 'குழந்தை இருக்கும் வீடா?' அவள் தலையாட்டினாள். அவர் டிரம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள்.'

தூசிக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் துளித் தூசி வெளியே வரவில்லை, முணுமுணுப்புகூட இல்லை. பிறகு தொட்டிலை எதற்கு நகர்த்தவேண்டும்? கண் முன்னால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அணைத்து அணைத்துப் போட்டால் மோட்டார் சீக்கிரம் போய்விடும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்வது. ஆகவே ஒரு பலகையை எடுத்து அடுத்ததைப் பொருத்தும்வரை, ஓடிக்கொண்டிருக்கும் குழாயை அப்படியே கதவு நிலையில் இருந்த கொக்கியில் மாட்டிவைப்பாள். மேலே கடிகாரம், கொக்கியில் சாவிக்கொத்து, நேர் கீழே தொட்டில். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மாட்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் வந்தான். கதவைத் தள்ளியவன் அப்படியே நின்றான்.

"எண்ணெய் போட்டியா என்ன? கிரீச்சுன்னு கத்துமே."

"நான் எங்க போட்டேன்? தானா சரியாயிருக்கும்."

அவன் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினான், கொக்கியில் போட்டான், மறுபடி எடுத்துக் குலுக்கினான். சங்கு லேசாகச் சிணுங்கினாள். அடுத்த வீட்டிலிருந்து கேட்பதுபோல மெலிசாக இருந்தது. "பரவால்லையே, எம் பொண்ணு சமத்தாயிட்டா" என்று கொஞ்சிவிட்டு, விடியுமுன் லாரி எடுத்துப் போய்விட்டான்.

திங்களன்று அழுகையே இல்லை. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. நேரம் பார்த்துப் பால் கொடுத்தாள், மீதி நேரமெல்லாம் வெட்டினாள். செவ்வாய் காலை வார்ப்புப் பட்டறைக்காரர் வந்து, டிரம்மில் சேர்ந்த சீவலை வழக்கம்போல மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். கொடுத்த எடைக்கு உருக்கி வார்த்த புதுத் தகடுகளாகத் திரும்பி வரும், அதுதான் இருவருக்கும் பேச்சு. ஆஸ்பத்திரி வேலைக்குத் தகடு கையிருப்பு இருந்ததால், இந்தத் தடவை அவசரமில்லை என்றாள். மூட்டையைத் தூக்கியவர், "என்னம்மா, இந்தத் தடவ கனமா இருக்கே" என்றார்.

புதனும் அமைதி. ஆனால் ஏனோ அந்த அமைதியில் அவளால் உட்காரமுடியவில்லை. எழுந்து கதவைத் திறந்து மூடினாள். சாவியை உதறினாள். தொட்டிலை எட்டிப் பார்த்தாள். தூங்கும் குழந்தையின் கன்னத்தில் உப்புக் கோடு காய்ந்திருந்தது.

எப்போது அழுதாள்?

வியாழன், பகல் பதினொரு மணி. வெயில் ஜன்னல் வழியே தொட்டில்வரை வந்திருந்தது. பலகையை மாற்றத் திரும்பியவள் பார்த்தாள். சங்கு அழுதுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் இடுங்கி, கைகள் இறுகி, வாய் முழுக்கத் திறந்து, உள்நாக்கு துடிக்க. இரண்டு நீண்ட இழுப்பு. மூன்றாவது இழுப்பில் நெஞ்சு ஒரு முறை குலுங்கியது. விக்கல்.

எதுவும் கேட்கவில்லை.

வேக்குவத்தின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தையைத் தூக்கி, வாயில் காதை வைத்தாள். சூடான மூச்சு பட்டது. சத்தம் இல்லை. எத்தனை நாளாக இவள் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்? டிரம்மின் மூடியைத் திறந்தாள். அடியில் இரண்டு நாள் சீவல். கையால் அளைந்தாள். கடிகாரத்தின் டிக்கோ கதவின் கிரீச்சோ அதில் இல்லை. இந்தக் குழாய் உறிஞ்சிய சத்தமெல்லாம் செவ்வாய்க்கிழமை மூட்டையில் போய்விட்டது.

அப்போதுதான் பட்டறைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு தகடு. முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா சீவல் அது? உருகும்போது வேலைக்காரங்க எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க. கைக்குழந்தை அழுகுற மாதிரி..." தகட்டை மெஷின் மேசையில் வைத்தார்.

அவள் நகத்தால் அதைச் சுண்டினாள். ரீங்காரம் எழவேண்டும். எழுந்தது அழுகை. மெல்லிய, தூரத்து அழுகை. முடிவில் ஒரு விக்கல்.

இருக்கிறது. உள்ளேதான் இருக்கிறது. வெட்டினால் வெளியே வந்துவிடாதா? குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். தகட்டைப் பொருத்தினாள். வேக்குவம் வேண்டாம், சீவல் கண்ணில் தெறித்தாலும் பரவாயில்லை. ஊசி இறங்கியது. தொட்டது.

தகடு வீறிட்டது.

அது பசிக்கு அழும் அழுகை இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். தொட்டிலில் குழந்தை வில்லாக வளைந்திருந்தது. ஊசியைத் தூக்கினாள். தகடு அடங்கியது, குழந்தை தளர்ந்து விழுந்தது. மெஷினை அணைத்தாள். தகட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தன் கையாலேயே செய்துவிட்டோமே. இனி இதை யாரும் தொடக்கூடாது. பூட்டி வைக்கவேண்டும். யாரும்.

"மொத்தம் எத்தனை தகடு வந்துச்சு?"

"ஆறு."

"மத்த அஞ்சும்?"

"நீ அவசரமில்லன்னு சொல்லியிருந்தியே... நேத்தே எழுத்து வெட்டுற இன்னொரு பட்டறையில வாங்கிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு கேக்கலம்மா."

மெஷின் நின்றிருந்தது. ஊசி மேலே இருந்தது. தகடு அவள் கையில் இருந்தது.

தொட்டிலில் குழந்தை வளைந்தது. தளர்ந்தது. மறுபடி வளைந்தது. வாய் திறந்தது. கொஞ்சம் நீண்ட இடைவெளி. மறுபடி.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். ஊசி இறங்கும், இழுக்கும், தூக்கும், தள்ளிப் போய் மறுபடி இறங்கும்.

எங்கேயோ ஒருவர், பொறுமையாக, எழுத்து எழுத்தாக வெட்டிக்கொண்டிருந்தார்.